ஒன்பதில் நின்ற முள்

அந்த ஒயர்களை நான் மாற்றிப் போடவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் மில்லில் பாதிப் பேர் இன்னமும் நான்தான் மாற்றிப் போட்டேன் என்று கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். பேசட்டும். வடை சூடாக இருக்கிறவரை எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்.

வேடசந்தூர் ரோட்டில் இருக்கிற ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் எலக்ட்ரிகல் டிரெய்னி. இஞ்சினியரிங் முடித்தவன். டிரெய்னி என்றால் என்ன அர்த்தம் என்று சேர்ந்த அன்றே புரிந்துவிட்டது: வேலை இஞ்சினியர் வேலை, உட்கார நாற்காலி கிடையாது. ஒரு வருடம் முடிந்ததும் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். எனக்கு அதற்கு ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது.

மில்லுக்குச் சொந்தமாக ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. அதன் இடுப்பில் ஓர் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். டேப் சேஞ்சரை ஓட்டுகிற பெட்டி அது. லைனில் வருகிற வோல்டேஜ் ஒரு நாளும் ஒரே மாதிரி வராது. ஊரெல்லாம் பம்ப்செட் ஓடினால் இறங்கும். ஆடி மாதம் காற்றாலைகள் பேய் பிடித்த மாதிரி சுற்ற ஆரம்பித்தால் ஏறும். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கிற காயிலில் பதினேழு இடங்களில் இணைப்பு எடுத்து வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கிற மோட்டார் சுற்றி, ஓர் இணைப்பிலிருந்து பக்கத்து இணைப்புக்கு மாற்றும். கரண்ட் ஒரு நொடிகூட நிற்காது. ஒரு படிக்கு சுமார் ஐந்து வோல்ட் ஏறும் அல்லது இறங்கும். ஏற்ற ஒரு பட்டன், இறக்க ஒரு பட்டன். இப்போது எத்தனையாவது படியில் இருக்கிறோம் என்று காட்ட அரைவட்டத் தகடும் ஒரு முள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் முள் ஒன்பதில் நிற்கும். எப்போதும் ஒன்பதில். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது. பழைய லாக் புத்தகங்களைப் புரட்டினால் அங்கேயும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது. வோல்டேஜைப் பார்த்துத் தானாகப் படி மாற்ற வேண்டிய ரிலேயை எப்போதோ ஆஃப் செய்து வைத்துவிட்டார்கள். கன்ட்ரோல் ரூமில் படி எண்ணைக் காட்டுகிற விளக்குகள் எரிந்து தீர்ந்து பல காலம் ஆகிறது. எங்கள் எலக்ட்ரிகல் சூப்பர்வைசருக்கு அந்தப் பெட்டி என்றால் பயம். பயம் என்று சொல்ல மாட்டார்.

"அத அசைக்காத அப்பு. அது பாட்டுக்கு நிக்கட்டும். அசைச்சா உள்ள தேஞ்சு போகும்" என்பார்.

அசைக்கத்தானே மோட்டார் வைத்திருக்கிறான் என்று ஒருமுறை கேட்டேன். அதற்கு அவர், "ஒங்க காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு, பெட்டிக்குப் புது பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். மீதி நாளெல்லாம் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கும்பிடுகிற மெஷினை யார் ஓட்டிப் பார்ப்பார்கள்?

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பெட்டிக்குள் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கான்டாக்டர் ஒன்று துருப்பிடித்து ஒட்டிக்கிடப்பதைப் பார்த்தேன். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு புதியது மாட்டினேன். ஆறு ஒயர். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதினேன். நான்கு எழுதியதும் மார்க்கர் காய்ந்துவிட்டது. கடைசி இரண்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மாட்டினேன். பிறகு ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். "மாட்டுனேல்ல, மூடு" என்றார். மூடுவதற்கு முன்னால் காலேஜ் குரூப்பில் போட ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். அந்த செல்ஃபியில் ஒயர்கள் தெரிந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. என் முழங்கை அழகாக மறைத்திருந்தது.

ஆடி வந்தது. காற்றில் மில் கேட்டின் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டது. வோல்டேஜ் ஏறி, ஷெட்டில் ஒன்றிரண்டு மெஷின்கள் தானாக நிற்க ஆரம்பித்தன. இந்தக் காலத்து மெஷினுக்குள் எலக்ட்ரானிக் கார்டு இருக்கிறது. வோல்டேஜ் அளவுக்கு மேல் போனால் அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றுவிடும். மேனேஜர் போனில், "ரெண்டு படி எறக்கி வையுங்க" என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசருக்கு வேறு வழியில்லை. காலை பதினோரு மணிக்கு என்னையும் ஒயர்மேன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பெட்டிக்கு வந்தார்.

"ஏழுக்குக் கொண்டு வா" என்றார்.

நான் இறக்குகிற பட்டனை அழுத்தினேன். மோட்டார் உறுமியது. உள்ளே படக்கென்று ஒரு சத்தம். முள் பத்துக்குப் போனது. இன்னொரு முறை அழுத்தினேன். பதினொன்று.

"ஏலே! எறக்கச் சொன்னா ஏத்துற?"

"சார், நான் எறக்குற பட்டனத்தான் அமுக்குனேன்."

"அப்பறம் எப்புடிலே பதினொன்னுக்குப் போகுது? ஒயர மாத்திப் போட்டுட்டியா? தள்ளு!"

என்னைத் தள்ளிவிட்டு அவரே ஏற்றுகிற பட்டனை நான்கு முறை அழுத்தினார். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு. முகத்தில் ஒரு வெற்றி. "பாத்தியா? ஏத்துனா எறங்குது. மோட்டார் தலைகீழாச் சுத்துது" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, ஷெட்டின் சத்தம் அடங்கியது. வரிசை வரிசையாக மெஷின்கள் நின்றன. பஞ்சாலைக்குள் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அந்த இரைச்சல் திடீரென்று நின்றால் காதில் அறை வாங்கின மாதிரி இருக்கும்.

அவசரமாக முள்ளை ஒன்பதுக்கே கொண்டுவந்தோம். எல்லா மெஷினையும் ரீசெட் செய்து ஓட்டினோம். எதற்காக நின்றது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் மூன்று பேர் நின்றோம். ஒருவர்கூட வோல்ட் மீட்டரைப் பார்க்கவில்லை. நானும்தான். அது கன்ட்ரோல் ரூமுக்குள் இருக்கிறது, நாங்கள் வெளியே முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தோம். ஷெட்டில் அக்காமார்கள் அறுந்த நூலை ஒட்டி ஒட்டி ஷிப்ட் முடிகிறவரை நிமிரவில்லை. என்னைக் கடந்து போன ஒரு அக்கா, "யாரு, இந்தத் தம்பியா? நல்லா இருப்ப சாமி" என்றாள். அது வாழ்த்து இல்லை.

மதியம் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். 'எனது கவனக்குறைவால் மோட்டாரின் ஒயர்களை மாற்றி இணைத்துவிட்டேன். அதனால் ஏற்பட்ட நிறுத்தத்துக்கு நானே பொறுப்பு.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுட்டுப் போ. சின்னப் பய, ஒன்ன யாரும் தூக்குல போட மாட்டாங்க. நாளைக்கு ரெண்டு ஒயர மாத்திவிட்டா முடிஞ்சுது."

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"இதுல சொல்றதுக்கு என்னலே இருக்கு?"

நான் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போட்டால் நிரந்தரம் போச்சு, அது ஒன்று. உண்மையிலேயே நான் சரியாகப் போட்டிருந்து, இவர்கள் நாளைக்கு மாற்றினால், அப்புறம் ஏற்று என்றால் மோட்டார் இறக்கும், இறக்கு என்றால் ஏற்றும். கடைசிப் படியில் மோட்டாரை நிறுத்துகிற சுவிட்ச்கூட எந்தப் பக்கத்தைக் காப்பது என்று தெரியாமல் நிற்கும். அது இன்னொன்று. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், அந்த பஸ்ஸில் எனக்கே சந்தேகம் இருந்தது. எண் எழுதாத அந்த இரண்டு ஒயர். மார்க்கர் மட்டும் காயாமல் இருந்திருந்தால்!

செல்ஃபியை எடுத்து முழங்கையைத் திட்டிக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தேன். ஒயர் தெரியவில்லை. அரைவட்டத் தகடு தெரிந்தது. அதில் இருந்த எண்களைப் பார்த்தேன். ஏழுக்கு ஒரு வால், நெளிந்து, முனையில் மெலிந்து. இரண்டின் கழுத்து கொக்கு மாதிரி. எந்த பேக்டரிக்காரன் தகட்டில் இப்படி எழுதுவான்? இந்த ஏழை நான் தினமும் பார்க்கிறேன். மில் கேட்டில், கேண்டீன் விலைப் பலகையில், எங்கள் நாகல் நகரில் பாதிக் கடைகளின் போன் நம்பரில். பெயிண்டர் பாயின் ஏழு.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அவர் கடைக்குப் போனேன். ஒரு ஸ்கூல் வேன் கதவைச் சாய்த்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பாய், எங்க மில்லு டிரான்ஸ்பார்மர் பெட்டில நம்பர் எழுதுனது நீங்கதான?"

"எந்த மில்லு தம்பி? ஆயுத பூசை வந்தா எனக்குச் சோறு தண்ணி கெடையாது. சுத்துப்பட்டு மில்லெல்லாம் நாந்தான்."

போனைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம ஏழுதான். இந்த வாலு வேற எவனுக்கு வரும்? ஆமா, முன்னாடி நிக்கிறது யாரு, நீயா? நம்பர மறைச்சுக்கிட்டு!"

"பழைய நம்பர் எப்புடி இருந்துச்சு பாய்?"

"எங்க இருந்துச்சு? வெயில்ல வெந்து மொட்டத் தகடாப் போச்சு. ஒங்க சூப்பர்வைசர் வந்தாரு, பதினேழு கோடு இருக்கு, ஒன்னுல இருந்து பதினேழு வரைக்கும் அழகா எழுதிருங்கன்னாரு. எழுதுனேன்."

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சீங்க?"

"இதென்ன கேள்வி? கடிகாரம் எப்புடிச் சுத்துதோ அப்புடி. எடது பக்கம் ஒன்னு, வலது பக்கம் பதினேழு. நான் என்ன உருதுலயா எழுதுனேன், வலதுல இருந்து ஆரம்பிக்க?"

"அப்ப முள்ளு எங்க நின்னுச்சு?"

"நட்ட நடுவுல. ஒம்பது விழுந்துச்சு. ஒங்க ஆளும் வந்து பாத்தாரு, ஒம்பது சரியா இருக்குன்னுட்டுப் போனாரு."

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. பதினேழுக்கு நடு ஒன்பது. இடமிருந்து எண்ணினாலும் ஒன்பது, வலமிருந்து எண்ணினாலும் ஒன்பது. பெட்டியைச் செய்தவன் வலது பக்கம் ஒன்றை வைத்திருந்தால், பாய் எழுதியது முழுக்கத் தலைகீழ். ஆனால் முள் நடுவைவிட்டு அசையாதவரை அது ஒரு மனிதனுக்கும் தெரியாது. எங்கள் மில்லில் அது அசையவே இல்லை. ஓடியிருந்தால் முதல் நாளே தப்பு தெரிந்திருக்கும்.

நான் சிரித்ததும் பாய் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "தப்புன்னா சொல்லு தம்பி, வந்து மாத்தித் தாரேன். ஆனா பாய் தப்பா எழுதிட்டாருன்னு மட்டும் எங்கேயும் சொல்லிறாத. சொன்னதத்தான் எழுதுனேன்."

"சொல்ல மாட்டேன் பாய்" என்றேன்.

இது ஊகம்தான், சாட்சி இல்லை என்பதும் தெரியும். என் இரண்டு ஒயர் தப்பாக இருக்கலாம், இல்லாவிட்டால் அவர் எண் தப்பாக இருக்கலாம். ஒயருக்குச் சம்பந்தமே இல்லாமல் முள்ளை நகர்த்திப் பார்க்க வேண்டும். அதற்கு வழி பெட்டிக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. மோட்டார் ஓடாவிட்டால் கையால் சுற்ற ஒரு இரும்புக் கைப்பிடி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மில்லுக்குப் போனால், பெட்டி திறந்து கிடந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, ஒயர்மேன் அண்ணன் ஸ்குரூ டிரைவரோடு குனிந்திருந்தார்.

"அண்ணே, செத்த நேரம் பொறுங்க" என்றேன்.

"என்னத்தப் பொறுக்குறது? கையெழுத்துப் போட்டியா?" என்றார் சூப்பர்வைசர்.

"போடல சார். ஒயரு சரியாத்தான் இருக்கு. நம்பருதான் தலைகீழா இருக்கு."

"என்னது?"

"பெயிண்ட் அடிக்கிறப்ப நம்பர் மாறிருச்சு சார்."

அவர் முகம் ஒரு நொடி மாறியது. பெயிண்ட் அடிக்கச் சொன்னவர் அவர்தானே. அப்புறம் ஒயர்மேன் அண்ணனைப் பார்த்து, "நீ கழட்டுய்யா" என்றார்.

நான் கதவின் உட்புறம் மாட்டியிருந்த கைப்பிடியை உருவி, அதற்கான துளையில் சொருகினேன். உள்ளே டிக்கென்று ஒரு சுவிட்ச் விழுந்தது. கைப்பிடி துளையில் இருக்கிறவரை மோட்டாருக்குக் கரண்ட் போகாது. கையால் சுற்றுகிறவன் கையை மோட்டார் முறித்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப நீங்க எந்த ஒயர வேணாலும் மாத்துங்க சார். மோட்டார் ஓடாது. மேனேஜர் வந்தப்பறம்தான் இத எடுப்பேன்."

"கைய எடுலே."

"எடுக்க மாட்டேன் சார்."

"யாருகிட்ட பேசுறன்னு தெரியுதா? நான் இந்த மில்லுக்குக் கடக்கால் தோண்டுறப்பவே வந்தவன்!"

"அதனாலதான் சார் சொல்றேன். நீங்க இருக்கப்ப இது தப்பா ஓடுனா ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு."

ஒயர்மேன் அண்ணன் நிமிர்ந்து, ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார். "ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் வெத்தல போட்டுட்டு வாரேன்" என்று நகர்ந்தார். சூப்பர்வைசர் மேனேஜருக்குப் போன் போட்டார். "ஒரு டிரெய்னிப் பய பெட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் சார், மறியல் பண்றான்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் அரை மணி நேரம் அப்படியே நின்றேன். ஷிப்ட் மாறிப் போகிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். மூக்கு அரித்தது. சொரியவில்லை.

மேனேஜர் வந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. அதுதான் அவரிடம் பயமே.

"ஏனுங்க தம்பி, என்னங்க இது?"

சொன்னேன். கைப்பிடித் துளைக்குப் பக்கத்தில் பெட்டியோடு சேர்த்து வார்த்த ஒரு அம்புக்குறி இருக்க வேண்டும் என்றேன். மேலே ஐந்தாறு வருட ஆயுத பூஜை பெயிண்ட். சாவியால் சுரண்டினேன். ஏற்ற எந்தப் பக்கம், இறக்க எந்தப் பக்கம் என்று இரும்பில் எழுத்தும் அம்பும் மேலே வந்தன. இரும்பில் வார்த்ததை எந்தப் பெயிண்டரும் மாற்ற முடியாது.

"சார், இப்ப மோட்டாருக்குக் கரண்டே கெடையாது. கையாலதான் சுத்தப் போறேன். எறக்குற பக்கம் நாலு படி. ஒருத்தரு உள்ள வோல்ட் மீட்டரப் பாக்கட்டும்."

"லைன் ஓடுறப்ப கையாலயா? வெடிச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"உள்ள ஸ்பிரிங் இருக்கு சார். நான் எம்புட்டு மெதுவாச் சுத்துனாலும் கடைசில அதுதான் படக்குன்னு படிய மாத்தும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"ஒரு படி போதுமுங்களே?" என்றார் மேனேஜர்.

"ஒரு படின்னா அஞ்சு வோல்ட். காத்துக்கே அம்புட்டு ஆடுது. அப்பறம் காத்துன்னு சொல்லிருவாங்க."

வாயில் வெற்றிலையோடு திரும்பி வந்த ஒயர்மேன் அண்ணனை மேனேஜர் உள்ளே அனுப்பினார். அண்ணன் போனில் லைனில் இருந்தார். "நாநூத்தி நாப்பத்திரெண்டு" என்றார். நான் இறக்குகிற அம்பின் பக்கம் சுற்ற ஆரம்பித்தேன். தோள் வலிக்கிற வேலை. நிறைய சுற்று சுற்றினால்தான் ஒரு படி. படக். முள் பத்து. இன்னும் சுற்றினேன். படக். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"இப்ப எவ்வளவுங்க?"

போனில் வெற்றிலை மெல்லுகிற சத்தம். பிறகு, "நாநூத்தி இருவத்தொன்னு சார்."

முள் ஏறியிருந்தது. வோல்டேஜ் இறங்கியிருந்தது. மேனேஜர் தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்ப ஒன்பதுக்குச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். "நாநூத்தி நாப்பத்தொன்னு" என்று வந்தது.

"ஒயரே இல்லாம சுத்துறப்பவும் முள்ளு அப்படித்தான போகுது? அப்பறம் ஒயர்ல என்னங்க தப்பு?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். நேற்று வோல்டேஜை ஏற்றி ஷெட்டை நிறுத்தியது அவர் அழுத்திய நான்கு அழுத்தல்தான் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. சூப்பர்வைசர் பெட்டியின் கதவில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

பாய் அன்று சாயங்காலமே வந்து, எல்லாவற்றையும் தின்னர் போட்டுத் துடைத்து, வலதிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழின் வால் இன்னும் நீளமாகிவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"மெஷின் விசயத்துல நீங்க சொன்னதுதானுங்க சரி. ஆனா பெரியவர நாலு பேரு முன்னாடி நிக்க வெச்சுட்டீங்க. அவரு மனசு ஒடஞ்சு போயிருக்காரு. எதுத்துப் பேசுனது தப்புன்னு ஒரு கடுதாசி குடுத்துருங்க. நான் அவருகிட்டக் காட்டோணும்."

மடித்து வைத்திருந்த பழைய தாளை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன், கையெழுத்து இல்லாமல். அவர் கொடுத்த வெள்ளைத் தாளில் எழுதினேன்: 'மோட்டார் ஓடாமல் இருக்கக் கைப்பிடியைச் சொருகிப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். சூப்பர்வைசரிடம் குரலை உயர்த்தியதற்கு வருந்துகிறேன். சரியாக இருக்கிற ஒயரை மாற்ற வந்தால் மறுபடியும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.'

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "கடைசி வரிய மட்டும் எடுத்துருங்க தம்பி."

"அது முடியாது சார்."

"அடுத்த மாசம் ஒங்க ஆர்டர் வருது. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுத்தான் சார் எழுதுனேன்."

அவர் பெருமூச்சு விட்டு, தாளை அப்படியே பைலில் போட்டார். அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. வீட்டில் கேட்டார்கள், சொன்னேன். அம்மா, "அந்த ஒரு வரிய எழுதாட்டி என்னடா ஆயிருக்கும்?" என்றாள். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அடுத்த முறை யாராவது பட்டனுக்கு முன்னால் நின்று ஒயரைக் கழற்றச் சொன்னால், பைலில் அந்த வரி இருக்கும்.

ஆர்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்கு வந்தேன். வெளியே காற்று இன்னும் ஓயவில்லை. வோல்ட் மீட்டர் நானூற்று நாற்பத்தெட்டில் நின்றது. பெட்டிக்குப் போய், இறக்குகிற பட்டனை இரண்டு முறை அழுத்தினேன். படக். படக்.

ஷெட் வாசலிலிருந்து சூப்பர்வைசர் கத்தினார். "யாரக் கேட்டுலே அமுக்குன?"

"வோல்ட் மீட்டரக் கேட்டேன் சார்!"

அவர் மீட்டரைப் பார்க்கக் கன்ட்ரோல் ரூமுக்குள் போனார். வெளியே வர ரொம்ப நேரம் ஆனது.